கிலாபத் வீழ்ந்தது எப்போது?

கி.பி. 1258ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஹுலாகுவின் மங்கோலியப் படை பக்தாத் மாநகருள் புகுந்தது. கலீபா முஸ்தஃஸிம் கொல்லப்பட்டார். 750ஆம் ஆண்டு தொடங்கி ஐந்நூறாண்டுகளுக்கும் மேலாக நிலவிய பக்தாத் அப்பாஸியரின் கிலாபத் அத்துடன் முடிவுற்றது. வரலாற்று நூல்கள் பொதுவாக இவ்வாண்டையே வீழ்ச்சியின் ஆண்டாகக் குறிக்கின்றன. நம் பிள்ளைகளும் அவ்வாறே மனனம் செய்கின்றனர். எனினும், ஓர் ஆட்சி வீழ்ந்தது என்று நாம் எப்போது சொல்ல வேண்டும்? கோட்டை வாயில் உடைந்த நாளிலா? அன்றி, அவ்வாயில் எதனைக் காப்பதற்காக எழுப்பப்பட்டதோ, அது உள்ளே மறைந்துபோன நாளிலா?

'கலீபா' என்னும் அரபுச் சொல்லுக்கு, ஒருவருக்குப் பின் அவரது இடத்தில் நிற்பவர் என்பது பொருள். இடத்தில் நிற்பவர் உரிமையாளர் ஆகமாட்டார். ஆகவே அச்சொல்லிலேயே ஓர் எச்சரிக்கை அடங்கியிருக்கின்றது. ஆட்சி என்பது அமானிதம், உடைமையன்று. 644ஆம் ஆண்டு குத்துண்டு மரணப் படுக்கையில் கிடந்த ஹலரத் உமர் (ரலி) அவர்கள், அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க அறுவர் கொண்ட குழுவை அமைத்தார்கள். தம் மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஆலோசனை கூறலாம்; ஆட்சிப் பொறுப்பில் அவருக்குப் பங்கில்லை என்றும் விதித்தார்கள். அமானிதத்தை உடைமையினின்று பிரிக்கும் கோட்டினை இதனினும் தெளிவாக வரைதல் அரிது.

உமையாக்களின் காலத்தில் அக்கோடு மங்கியது. தந்தைக்குப் பின் மகன் என்பது வழக்காயிற்று. அவர்களிடையே தோன்றிய உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள், 717 முதல் 720 வரை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே ஆண்டார்கள். அநியாயமாகக் கைப்பற்றப்பட்ட சொத்துக்களைத் திருப்பி அளித்தார்கள். இஸ்லாத்தைத் தழுவியோரிடமிருந்து ஜிஸ்யா வாங்குவதைத் தடுத்தார்கள். ஆயினும் அன்னார் மறைந்த முப்பது ஆண்டுகளில் அவ்வரசே மறைந்தது. ஒரு மனிதரின் நீதி அவருடன் கபுருக்குள் சென்றுவிடுமாயின், அரசு அதனால் பிழைப்பதில்லை என்பதற்கு இது முதற்சான்று.

உமையாக்களின் அநீதியைக் களைவோம் என்ற வாக்குறுதியுடன் குராசானிலிருந்து கருங்கொடி ஏந்தி எழுந்தவர்கள் அப்பாஸியர்கள். மக்கள் அவ்வாக்கை நம்பினர். நம்பியதனாலேயே அவர்கள் வென்றனர். 762ஆம் ஆண்டு கலீபா மன்சூர் பக்தாதுக்குக் கால்கோள் செய்தார். சில பத்தாண்டுகளில் அது கல்விக்கும் வாணிகத்துக்கும் உலகின் தலைவாயிலாயிற்று. அரபியரும் பாரசீகரும் கிறிஸ்தவ மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து நூல்களை ஆராய்ந்தனர். அப்பெருமையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அதே மன்சூர்தாம், தம் குடும்பத்துக்கு ஆட்சியை ஈட்டித் தந்த அபூமுஸ்லிமை 755ஆம் ஆண்டு தம் முன்னிலைக்கு அழைத்துக் கொல்லச் செய்தார். எழுச்சியின் உள்ளேயே வீழ்ச்சியின் வித்தும் விழுந்திருந்தது.

அவ்வித்து முளைத்ததை ஹாரூன் ரஷீதின் வரலாற்றில் காண்கின்றோம். 802ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், தம் புதல்வர்களான அமீனும் மஃமூனும் ஒருவர்பின் ஒருவராக ஆள வேண்டுமென உடன்படிக்கை எழுதி, இருவரையும் சத்தியம் செய்வித்து, அதனைப் புனித கஅபாவில் தொங்கவிட்டார். அதனினும் உயர்ந்த சாட்சி ஏது? 809ஆம் ஆண்டு தந்தை இறந்தார். சில ஆண்டுகளிலேயே உடன்படிக்கை முறிந்தது. அந்த ஏடும் கிழிக்கப்பட்டதென வரலாற்றாசிரியர் எழுதுவர். உடன்பிறந்தார் படைகள் மோதின. பக்தாத் முற்றுகையுண்டு எரிந்தது. 813ஆம் ஆண்டு அமீன் கொல்லப்பட்டார். மங்கோலியர் வருவதற்கு நானூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே பக்தாதை முதலில் எரித்தவர்கள் அதன் சொந்தப் பிள்ளைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

வாக்கு வலிமையிழந்தபோது வாளே வலிமையாயிற்று. 833ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த முஃதஸிம், மக்களை நம்புவதினும் துருக்கிய அடிமைப் படையினரை நம்பினார். 836ஆம் ஆண்டு ஸாமர்ராவுக்குத் தலைநகரையே மாற்றினார். மக்களுக்கும் கலீபாவுக்கும் இடையே படை ஒரு மதிலாக எழுந்தது. 861ஆம் ஆண்டு அப்படையினரே கலீபா முதவக்கிலைக் கொன்றனர். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நால்வர் அரியணை ஏறினர். அவர்களுள் மூவர் கொலையுண்டனர். இறுதியாக வந்த முஹ்ததீ இறையச்சமுடையவர். உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களைப் பின்பற்ற விழைந்து, முறையீடுகளைத் தாமே அமர்ந்து கேட்டார். அவரும் ஓராண்டுக்குள் கொல்லப்பட்டார். நல்லவர் வந்தார், ஆனால் நன்மைக்குத் தோள்கொடுக்க அரண்மனையிலும் படையிலும் போதிய ஆள் இல்லை.

இனி, வீழ்ச்சிக்கு அறமே காரணம் என்று கூறிப் பொருளியலை நாம் புறக்கணிப்பதும் பொருந்தாது. பக்தாதின் செல்வம் தஜ்லா, புராத் ஆறுகளின் கால்வாய்களில் ஓடியது. 936ஆம் ஆண்டு கலீபா ராளீ, இப்னு ராயிக் என்பாரைத் தலைமை அமீராக்கி, படையையும் வரியையும் அவரிடம் ஒப்படைத்தார். அந்த அமீரோ, 937ஆம் ஆண்டையொட்டித் தம் எதிரியின் படையைத் தடுக்க நஹ்ரவான் கால்வாயின் கரையை உடைத்துவிட்டார். தலைமுறைகள் உழைத்து வெட்டிய கால்வாய் அது. உழவர்களின் உயிர் அது. பின்வந்தோர் பழுதுபார்த்தும் பழைய வளம் முழுமையாகத் திரும்பவில்லை. ஒருநாள் வெற்றிக்காக ஊரின் சோற்றை விற்றவனைப் பொருளியல் அறியாதவன் என்பதா, அமானிதம் அறியாதவன் என்பதா? இரண்டும் ஒன்றே. எழுச்சிக் காலத்தில் குறைந்த வரி மிகுந்த வருவாயையும், தளர்ச்சிக் காலத்தில் மிகுந்த வரி குறைந்த வருவாயையும் தரும் என்றும், அநீதி நாட்டின் குடிவளத்தையே அழிக்கும் என்றும் இப்னு கல்தூன் (1332-1406) தம் முகத்திமாவில் விளக்கியது இதனையே.

945ஆம் ஆண்டு புவைஹியர் பக்தாதுள் நுழைந்தபோது அவர்களைத் தடுக்கும் ஆற்றல் கலீபாவிடம் இல்லை. அதன்பின் முந்நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் அரியணை இருந்தது. இடையே நாஸிர் போன்றோர் அதற்குச் சிறிது வலிமையும் மீட்டனர். எனினும் பழைய பேரரசு மீளவில்லை. ஹுலாகு வெட்டியது, உள்ளே உளுத்துப் பட்டை மட்டும் நின்ற மரத்தை.

அவ்வாறாயின் அனைத்தும் அழிந்ததா? ஈண்டுதான் வரலாறு நமக்கு வியத்தகு பாடம் புகட்டுகின்றது. முஹ்ததீ கொலையுண்ட ஹிஜ்ரி 256ஆம் ஆண்டிலேதான் (கி.பி. 870) இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் மறைந்தார்கள். இமாம் முஸ்லிம் 875இலும், அபூதாவூத் 889இலும், திர்மிதீ 892இலும் மறைந்தார்கள். அரியணையில் குருதி வழிந்த அதே காலத்தில், அவர்கள் ஒவ்வொரு செய்தியையும் கொணர்ந்தவர் யார், அவர் நேர்மையாளரா எனத் துருவி ஆராய்ந்தனர். அரசர்கள் அமானிதத்தைக் கைவிட்டபோது அறிஞர்கள் அதனை ஏந்தினர். அரசர்களின் அரண்மனைகள் இன்று மண்மேடுகள். அறிஞர்களின் ஏடுகளோ நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகின்றன.

இதனால் ஆட்சியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அமைதியின்றிக் கல்வி இல்லை. 1258இல் ஆலிம்களும் நூலகங்களும் அடைந்த கேட்டினை எண்ணினாலே இது விளங்கும். நாம் கூறுவது, பெயரைக் காப்பது பொருளைக் காப்பதாகாது என்பதே. முஸ்தஃஸிம் கொல்லப்பட்டபின் பல்லாண்டுகள் வரை தில்லியில் அவர் பெயரிலேயே நாணயம் அச்சிடப்பட்டது. 1290இல் அரியணை ஏறிய ஜலாலுத்தீன் கில்ஜியின் நாணயத்திலும் அப்பெயர் உண்டு. இறந்தவரின் பெயர் கடைவீதியில் செலாவணியாயிற்று! 1924ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் துருக்கிய நாடாளுமன்றம் கிலாபத்தை ஒழித்தபோது, 1919 முதல் அதற்காகப் போராடிய இந்திய முஸ்லிம்கள் மனம் கலங்கினர். அக்கலக்கம் உண்மையானது. ஆனால் கண்ணீர் மட்டும் கிலாபத் ஆகாது.

நம்மிடம் பேரரசு இல்லை. ஆனால் வக்ஃபு நிலங்கள் இருக்கின்றன. ஜமாஅத்தின் கணக்கேடுகள் இருக்கின்றன. அநாதைகளின் சொத்தும், இரு தரப்பாரின் வழக்கில் சொல்லவேண்டிய தீர்ப்பும் நம் கையில் இருக்கின்றன. முத்தவல்லி பதவியைத் தந்தை மகனுக்கு விட்டுச்செல்லும் வீட்டுச் சொத்தாகக் கருதுபவர், பக்தாதுக்காகப் பெருமூச்சு விடுவதில் பயன் என்ன? அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறும், மக்களிடையே நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் திருமறை பணித்தது கலீபாக்களை மட்டுமன்று. ஹலரத் உமர் (ரலி) அவர்கள் வரைந்த கோடு நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் இருக்கின்றது. அதனைத் தாண்டாதிருக்கும் உறுதியை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.