யார் என்று கேட்டீர்களா?

விடியுமுன்னே கம்பத்திலும் போடியிலும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்களே, அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தண்டு துளைப்பான் என்றாலே முகம் மாறும். மஞ்சள் இறக்கையில் கறுப்புப் புள்ளி வைத்த குட்டி அந்துப்பூச்சி. அழகுதான். ஆனால் அதன் புழு தண்டுக்குள் புகுந்தால் நடுக்குருத்து காய்ந்துவிடும். காய்க்குள் புகுந்தால் மிஞ்சுவது வெறும் தோல். கடன் வாங்கித் தோட்டம் போட்டவரிடம் ஜீவகாருண்யம் பேச எனக்குத் தைரியமில்லை. நீங்களும் பேசாதீர்கள்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஆமணக்கைத் துளைக்கிற பூச்சியும் இதுவும் ஒன்றே என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். தனி இனம் என்று பிரித்து, 'கோனோகெதஸ் சஹ்யாத்ரியென்சிஸ்' எனப் பெயர் வைத்தது 2018-ல்தான். சஹ்யாத்ரி என்றால் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை. பெயரிலேயே சொந்த ஊர்! ஏலச்செடிக்கும் அதே ஊர்தான். மலைக்காட்டு மர நிழலில் தானாக முளைத்தது. வரிசையாக நட்டு 'எங்க தோட்டம்' என்றவர்கள் நாம்.

யாரென்று தெரியாமலே தண்டனை கொடுத்துவிட்டோம். தெரிந்திருந்தால் மட்டும் விட்டிருப்போமா என்கிறீர்களா? மாட்டோம். ஆனால் தெரிந்துகொள்ள நினைக்கிறவன் கொஞ்சம் நின்று பார்ப்பான். புழு தண்டுக்குள் போய்விட்டால் மேலே அடிக்கிற மருந்து அதை அவ்வளவாகத் தொடாது. பொரித்த சில நாளில், அது வெளியே இருக்கும்போதே அடிக்கணும். கண்ட நேரத்தில் அடித்தால் புழு உள்ளே பத்திரமாக இருக்கும். மருந்து போய்ச் சேர்வது ஏலப்பூவுக்கு வருகிற தேனீக்கும், டப்பாவை முதுகில் சுமக்கிற அந்த ஜீப்பு ஆளுக்கும்.