இரட்டையரும் ஊழும்

ஒரே நாளில், ஒரே தாயின் வயிற்றிலிருந்து, சில நாழிகைக்குள் இருவர் பிறக்கின்றனர். ஒருவர்க்குக் கணித்த சாதகம் மற்றவர்க்கும் ஏறக்குறையப் பொருந்தத்தானே வேண்டும்? ஆனால் இருவர் வாழ்வும் ஒன்றாக அமைவதில்லையே, ஏன்? ஏறத்தாழ 1,600 ஆண்டுகட்கு முன்னர் அகஸ்டின் என்னும் கிறித்துவச் சிந்தனையாளர், ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் நூலின் ஐந்தாம் பகுதியில் இவ்வினாவை எழுப்பிச் சோதிடத்தை மறுத்தார். அன்று வானத்துக் கோள்களை நோக்கிக் கேட்கப்பட்ட அதே வினாவை, இன்றைய அறிவியல் நம் உடலுக்குள் இருக்கும் மரபணுக்களை நோக்கிக் கேட்கின்றது. ஊழ் வலிதா, முயற்சி வலிதா என்னும் பழைய வழக்கில் இரட்டையர் மீண்டும் சாட்சிகளாக அழைக்கப்பட்டுள்ளனர்.

இவ்வழக்கு நம் வீட்டு முற்றத்திற்கே வந்து நிற்பது முதுமையில்தான். நேற்றுவரை வரவு செலவையெல்லாம் மனக்கணக்காகவே போட்டுவந்த பாட்டி, இன்று பேரனின் பெயர் தெரியாமல் திகைக்கின்றார். வீட்டார் இருவகையாகப் பேசுகின்றனர். “தலையெழுத்து, அவருடைய தாய்க்கும் இப்படித்தான் வந்தது” என்பார் ஒருவர். “சர்க்கரையைக் கட்டுப்படுத்தச் சொன்னோமே, கேட்டாரா?” என்பார் மற்றொருவர். முன்னது நம் கைகளைக் கட்டிப்போடும் சொல். பின்னது நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொல். இவற்றுள் எது உண்மை? எது அறம்?

சுவீடன் நாட்டில், புகையும் மதுவும் உடலுக்கு விளைக்கும் கேட்டினை அறியும் பொருட்டு, 1950களின் இறுதியில் இரட்டையர் பதிவேடு ஒன்று தொடங்கப்பெற்றது. அப்பதிவேட்டைக் கொண்டு 65 வயதும் அதற்கு மேலும் ஆன 11,884 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தவர்கள், 2006-ஆம் ஆண்டில் தம் முடிவினை வெளியிட்டனர். 392 இணைகளில் ஒருவர்க்கோ இருவர்க்குமோ அல்சைமர் எனப்படும் மறதி நோய் இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் ஏறக்குறைய ஒரே மரபணுக்களை உடையவர். இரு கருக்களாக உருவானவர் சராசரியாகப் பாதியளவே ஒத்தவர். இவ்விரு சாராரிடையே நோய் எவ்வளவு ஒத்து வருகின்றது என்பதை ஒப்பிட்டு, நோயில் மரபின் பங்கு 58 முதல் 79 விழுக்காடு வரை இருக்கலாம் என்று அவர்கள் கணித்தனர்.

இவ்வெண்ணைக் கேட்டதும், “பார்த்தீர்களா, எல்லாம் விதிதான்” என்று கூறத் தோன்றும். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஒருவருடைய நோயில் இத்தனை பங்கு பிறப்பால் வந்தது என்பது இதன் பொருள் அன்று. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபால் விளைந்தது என்பதையே அது கூறுகின்றது. ஒரே வயலில் பலவகை நெல்லை விதைத்து, எல்லாவற்றிற்கும் ஒரே அளவு நீர் பாய்ச்சினால், பயிர்களின் உயர வேறுபாடு பெரும்பாலும் வித்தின் வேறுபாடாகவே இருக்கும். அதனால் நீர் பயனற்றது என்று உழவர் எவரேனும் சொல்வாரா? நீரை நிறுத்தினால் வயல் முழுவதும் வாடும்; நீர் சிறந்தால் வயல் முழுவதும் செழிக்கும். வித்தின் வலிமை நீரின் வலிமையை மறுப்பதில்லை.

மேலும், ஒரு கருவில் தோன்றிய இரட்டையருள் ஒருவர் நினைவிழக்க, மற்றவர் தெளிவோடு வாழ்வதும் உண்டு. இருவரும் நோயுறும்போதுகூட அது ஆண்டுக்கணக்கில் முன்பின்னாகத் தொடங்குவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் படைப்பணி ஆற்றிய அமெரிக்க இரட்டையரைப் பற்றி 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று, தலையில் அடிபட்டவர் முதுமையில், அடிபடாத தம் உடன்பிறப்பைவிட அறிவாற்றல் தேர்வில் சற்றுக் குறைந்த மதிப்பெண் பெறும் போக்கினைக் காட்டியது. வேறுபாடு பெரிதன்று, எனினும், வித்து ஒன்றாயிருக்க, விளைவு வேறாயிற்று.

பிறப்புக்குப் பின் வருவன எவை? மருத்துவ இதழான ‘லான்செட்’ அமைத்த அறிஞர் குழு, 2024-இல் பதினான்கு காரணிகளை வரிசைப்படுத்தியது. இளமையிற் கல்வி குறைதல், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகும் கொழுப்பு, நீரிழிவு, உடற்பருமன், உடல் உழைப்பின்மை, புகைத்தல், மிகுமது, மனச்சோர்வு, தலைக்காயம், மாசுற்ற காற்று, தனிமை ஆகியனவே அவை. இவற்றையெல்லாம் அறவே நீக்க இயலுமாயின், உலகில் மறதி நோய்களின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்தம் கணிப்பு. இதுவும் கூட்டத்தைப் பற்றிய கணக்கே. நெறியோடு வாழ்ந்தவர் நினைவிழப்பதும், நெறி தவறியவர் நினைவோடு நூறாண்டு வாழ்வதும் இதற்கு முரண் அல்ல.

அப்பட்டியலைச் சற்றே உற்று நோக்குவோம். புகைப்பதை ஒருவர் விட முயலலாம், நாள்தோறும் நடக்கலாம். ஆனால் பத்து வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்தப்பட்ட சிறுமி, கல்விக் குறைவைத் தானே தேர்ந்துகொண்டாளா? நம் தோட்டங்களில் அவ்வாறு நிறுத்தப்பட்ட பெண்கள்தாமே இன்று நம் பாட்டிமார்! தொழிற்கூடத்தின் புகையை மூச்சாக இழுத்தவர் அக்காற்றை விரும்பியா இழுத்தார்? பிள்ளைகள் திசைக்கொருவராய்ப் பிரிந்துபோகப் பேச்சுத் துணையற்று வாழும் முதியவர், அத்தனிமையை வேண்டிப் பெற்றாரா? முயற்சி என்று நாம் பெயரிட்டவற்றுள்ளும் ஒரு பகுதி, பிறர் செய்த, அல்லது செய்யத் தவறிய செயல்களின் பயனே ஆகும்.

ஆகவே, இரட்டையர் தரும் சாட்சியம் இருதரப்பினர்க்கும் எதிரானது. தலையெழுத்து என்று கைகட்டி நிற்பவரை அது மறுக்கின்றது. ஒரே கருவில் பிறந்தவரே வேறுபடும்போது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது சோம்பலின் குரல். நோயாளியைப் பழிப்பவரையும் அது மறுக்கின்றது. மரபின் பங்கு அவ்வளவு பெரிதாயிருக்க, நினைவிழந்தவரிடம் கணக்குக் கேட்பது கொடுமை. வரப்போவதைக் குறித்து முயல்வது கடமை. வந்துவிட்டதைக் குறித்துப் பழிப்பது குற்றம். காலத்தால் பிரித்துணர வேண்டிய இவ்விரண்டையும் குழப்புவதாலேயே நாம் தவறுகின்றோம்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இவை ஒன்றையொன்று மறுக்கின்றனவே என்று மாணவர் வகுப்பில் வினவுவதுண்டு. பிறர் துன்பத்தைக் காணுங்கால் ஊழை நினைந்து இரங்குக; தன் கடமையைக் காணுங்கால் ஆள்வினையை நினைந்து எழுக என்று விடை கூறலாம் எனத் தோன்றுகின்றது. ஆனால் நம்மிற் பலர் இதனைத் தலைகீழாக்கி, நமக்கு ஊழையும் பிறர்க்கு முயற்சியையும் விதித்துவிடுகின்றோம்.

ஆசிரியப் பெருமக்கட்கு ஒரு சொல். இன்று நீங்கள் வகுப்பில் இருத்திக்கொள்ளும் சிறுமி, அறுபது ஆண்டுகட்குப் பின் தன் பேரனைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடும். அதற்கு எவரும் உறுதி கூற இயலாது. ஆயினும், பாதி வித்தின் கையில் இருப்பினும் நீர் பாய்ச்சாமல் விடும் உழவர் இல்லை. மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டி ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும்போது, முதன்முறை கேட்டதுபோலவே விடை சொல்லுங்கள். அவர் கேட்பது அவர் குற்றம் அன்று. பொறுமையோடு விடை சொல்வது உங்கள் கையில் உள்ளது.