வரப்பில் நின்று பிள்ளைக்கு என்ன சொல்வது?

காலம் கடந்தால் உரிமை செத்துவிடுமா? சட்டம் படித்தவர்களுக்கு இது பழைய கேள்வி. திருகோணமலை மாவட்டத்தில் பிள்ளை வளர்க்கும் எங்களுக்கோ இது விடுமுறைக்கு விடுமுறை திரும்பி வரும் கேள்வி. பள்ளிக்கூடம் மூடியதும் தகப்பன் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குடும்பக் காணியைக் காட்டப் போகிறார். ஒருகாலத்தில் பாதையில் ஏறிக் கடந்த துறையை, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். குளக்கட்டில் இறங்கி, “இதுதான் உன்ட மூத்தாப்பாட காணி” என்று கை நீட்டுகிறார். அந்த வசனத்தோடு பிள்ளைக்குப் போய்ச் சேர்வது உரிமையா, பாசமா, பகையா என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டியது.

முதலில் நாட்டுச் சட்டம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியார் காணியொன்றை எதிர்ப்பின்றி, தனக்குரியதெனவே 10 வருடம் ஆண்டவர் அதன் மீது உரித்துக் கோரலாம். இது அநியாயம் போலத் தோன்றினாலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. சாட்சிகள் மௌத்தாகிவிடுகிறார்கள், உறுதிகள் கறையான் அரித்துப்போகின்றன, மண்ணோடு வியர்வை சிந்தியவனுக்கு ஒரு நாளாவது நிம்மதியாக உறங்க உரிமை வேண்டும். ஆனால் துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவன் எப்படி எதிர்ப்புத் தெரிவிப்பான்? இதனை ஏற்றுத்தான் 2016இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தமது காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து வருடக் கணக்கில் சேராது என்றது அது. மனம் விரும்பி விட்டுப்போவதும் விரட்டப்பட்டுப் போவதும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது.

நமது மார்க்கச் சட்ட மரபு இதில் இன்னும் நுட்பமாக நிற்கிறது. உதுமானிய ஆட்சியில் 1869இற்கும் 1876இற்கும் இடையில் தொகுக்கப்பட்ட அல்மஜல்லா, 15 வருடங்கள் கடந்த பெரும்பாலான வழக்குகளை நீதிமன்றம் விசாரிக்காது என்கிறது. அதே நூல் காலம் கடந்ததால் உரிமை அழிவதில்லை என்றும், எதிராளி தானாகவே உண்மையை ஒப்புக்கொண்டால் அதன்படி தீர்ப்பளிக்கப்படும் என்றும் சொல்கிறது. காதியாரின் கதவு பூட்டப்படலாம், அல்லாஹ்விடமுள்ள கணக்கு பூட்டப்படுவதில்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற நபிகளாரின் எச்சரிக்கைக்கும் காலவரையறை கிடையாது.

இதற்கு மறுதலையாக உமர் (ரலி) அவர்களின் செயலைக் காட்டுவோர் உண்டு. நபிகளார் பிலால் பின் ஹாரிஸ் என்ற தோழருக்கு அகீக் பள்ளத்தாக்கில் பெரும் நிலம் கொடுத்திருந்தார்கள். அவரால் அதனை முழுதாகப் பயன்படுத்த இயலவில்லை. உமர் தமது ஆட்சியில், முடிந்த அளவை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும்படி சொல்லி, அதனை மக்களுக்குப் பங்கிட்டார்கள். நிலம் வெறுமனே கிடப்பதற்கல்ல என்பது இதன் பாடம். ஆனால் இந்தத் தீர்ப்பு, உழ வாய்ப்பிருந்தும் உழாதவனைப் பற்றியது. உழ விடப்படாதவன் மீது இதனைப் பிரயோகிப்பது விரட்டியவனுக்குக் கூலி கொடுப்பதாகும்.

இதுவரை விடயம் எளிதுதான். வரப்பில் இறங்கியதும் அது எளிதாயிருப்பதில்லை. கிண்ணியாவுக்குத் தெற்கே, சிறு குளமொன்றின் கீழுள்ள எங்கள் குடும்பக் காணிக்கு மகனைக் கூட்டிச் சென்றிருந்தேன். பெரும்போகப் பயிர் இடுப்பளவு நின்றது. விதைத்தவர் நாங்களல்ல. வாடியிலிருந்து இறங்கி வந்தவர் எங்களை இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். 2006 சண்டையில் வீடு வாசல் இழந்து, பல இடம் அலைந்து, யாரோ ஒருவருக்குப் பணம் கொடுத்து இந்த நிலத்தைப் பெற்றவர் அவர். அவர் எந்தச் சமூகத்தவர் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் வாசகர் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். திரும்பும் வழியில் மகன் கேட்டான்: “அப்ப, இவருக்குப் போறத்துக்கு வேற காணி இரிக்கா வாப்பா?”

மஜல்லாவிலும் கட்டளைச் சட்டத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஜெரமி வால்ட்ரன் என்ற சிந்தனையாளர் 1992இல் எழுதிய கட்டுரையொன்றில் இதனைத் தொட்டார். பழைய அநீதி அநீதிதான், ஆயினும் சூழ்நிலை மாறிய பின் அதே நிலத்தை இன்றைய மனிதனிடமிருந்து பறிப்பது நீதியாகாமல் போகலாம் என்பது அவர் வாதம். இதில் உண்மையுண்டு, ஆபத்துமுண்டு. பிடித்தவன் போதிய காலம் பொறுத்திருந்தால் வென்றுவிடலாம் என்றாகிவிடும். ஆகவே பிடித்தவனையும், பின்னர் தஞ்சமாக வந்து குந்தியவனையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. முன்னவன் திருப்பிக் கொடுக்க வேண்டியவன். பின்னவனை வெளியேற்றுமுன் அவனுக்கு மாற்றிடமோ நட்டஈடோ உண்டா என்று கேட்பது உரிமையாளனின் தயவல்ல, கடமை. அதற்கான செலவை ஏழை உழவன் இருவர் தலையிலும் சுமத்தாமல் அரசு ஏற்க வேண்டும்.

இம்மாவட்டத்தில் எவரும் விரட்டப்பட்டவர் என்ற பெயரைத் தனியுரிமையாகக் கோர முடியாது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். அதே ஆண்டு சம்பூர்த் தமிழர்கள் ஊர் இழந்தார்கள். அவர்களது நிலத்தின் பெரும் பகுதிகள் 2015இலும் 2016இலுமே விடுவிக்கப்பட்டன. எல்லைப்புறச் சிங்களக் கிராமத்தவரும் இரவோடிரவாக ஓடியவர்களே. கந்தளாய்க் குளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மரபு அதனை இரண்டாம் அக்போ மன்னனுடையது என்கிறது, இன்னொரு மரபு குளக்கோட்டனுடையது என்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் கட்டு உடைந்தபோது வெள்ளம் எந்த மரபையும் விசாரித்துவிட்டு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரப்புக்குக் கூட்டிச் செல்லப்படுபவன் பெரும்பாலும் மகன்தான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத அரச அனுமதிக் காணிகளில் மகளுக்கு முன் மகனையே வைத்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. சொத்துரிமையில் பெண்ணின் பங்கைக் குர்ஆன் அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நிர்ணயித்திருக்க, நாம் மட்டும் மகளுக்குச் சீதன வீட்டைக் காட்டிவிட்டு வயலை மகனுக்கே காட்டி வருகிறோம். பிறர் எடுத்த உரிமையைப் பற்றி வரப்பில் நின்று பேசுபவர், தன் வீட்டில் தான் வைத்திருக்கும் உரிமையையும் எண்ணிப் பார்க்கட்டும்.

அப்படியானால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது என்ன? சொல்லாமல் விடுவது பதிலாகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, பெற்றோரின் ஊரைக் கதையாகவே அறிந்தார்கள். அந்தக் கதையும் இல்லாதிருந்தால் அவர்களது உரிமை கேட்பாரற்றுப் போயிருக்கும். ஆகவே கதை சொல்லப்பட வேண்டும், ஆனால் முழுதாக. உறுதியின் பிரதியைக் கொடுக்கும்போது, இப்போது அங்கு உழுபவரின் கதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாதிக் கதையைப் பெற்ற பிள்ளை நிலத்தை மீட்டாலும் அயலவனை இழந்துவிடுவான். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவற நம்மைத் தூண்டிவிடக் கூடாதென்பது இறைகட்டளை. அது பள்ளிவாசலில் ஓதிவிட்டு வருவதற்கு மட்டுமல்ல, கச்சேரியில் மனுக் கொடுக்கும்போதும் உடன் எடுத்துச் செல்ல வேண்டியது.