சும்மா ஓடுவது

டர்போ கிட் மாட்டிய பழைய மாஸ்டா மியாட்டாக்கள் ஓட்டத்தில் அதிகம் தகராறு செய்வதில்லை. நெடுஞ்சாலையில் அழுத்தினால் சீறுகின்றன. தகராறெல்லாம் நிற்கும்போதுதான். சிக்னல் வருகிறது, கிளட்சை மிதிக்கிறோம், ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் வருகிறது. 850-ல் வந்து நிற்க வேண்டிய ஆர்.பி.எம். முள் 400-க்கு விழுந்து, ஒரு குலுக்கலோடு இன்ஜின் அணைகிறது. சில வண்டிகள் இதற்கு நேர்மாறாக இறங்கவே மாட்டேன் என்று 1,800-ல் அடம் பிடிக்கும். சில வண்டிகள் இரண்டுக்கும் நடுவே ஏறி ஏறி இறங்கும்.

இங்கே அமெரிக்காவில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் 1991 மாடல் ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் தன் கராஜிலேயே கிட் மாட்டினான். "அண்ணா, ரோட்ல பிச்சுக்கிட்டுப் போகுது. சிக்னல்லதான் செத்துப்போயிடுது" என்றான். அவன் குரலில் பாதிக்குமேல் பெருமைதான். நிற்பது அவனுக்குச் சின்னக் குறை. எனக்கு அது சின்னதாகப் படவில்லை.

*

ஐடிலிங்கில் இன்ஜின் எந்த வேலையும் செய்வதில்லை என்று நினைக்கிறோம். அப்போதுதான் அது மிக நுணுக்கமான வேலையில் இருக்கிறது. த்ராட்டில் பட்டர்ஃபிளை ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன்கள் இழுக்கின்றன, வர வழியில்லை. வெளியே காற்றழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்றால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் 30, 35தான். தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளப் போதுமான காற்று ஒரு சின்னப் பக்கவழியில் கசிந்து வருகிறது. அதைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு. அவ்வளவு சிறிய வரவில் நடக்கும் குடித்தனத்தில் குண்டூசித் துளைகூடக் கணக்கைக் கலைத்துவிடும்.

முழு பூஸ்டில் அதே துளை இருந்தும் தெரியாது. பெருவெள்ளமாகக் காற்று போகும்போது கொஞ்சம் வெளியே சீறினால் யார் கவனிக்கிறார்கள்? அதனால்தான் புதிதாக மாட்டிய கிட்டின் தரத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பத்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

*

1990 முதல் 1993 வரை வந்த 1.6 லிட்டர் மியாட்டாவில் உள்ளே வரும் காற்றை அளப்பது ஒரு கதவு. ஸ்பிரிங் பூட்டிய தகடு. காற்று தள்ளத் தள்ளத் திறக்கும். எவ்வளவு திறந்தது என்பதைப் பார்த்து இன்ஜினின் கணினியான இ.சி.யூ. பெட்ரோல் ஊற்றுகிறது. 1994-ல் 1.8 இன்ஜின் வந்தபோது கதவு போய், சூடான கம்பி வந்தது. இரண்டிலும் நியாயம் ஒன்றே: இ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. வாசல் வழியாக வந்தது எல்லாம் உள்ளே போய்ச் சேர வேண்டும். வாசல் வழியாக வராதது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இந்த ஒரு நம்பிக்கையின்மேல்தான் அவர் பெட்ரோல் அளந்து கொடுக்கிறார்.

கம்பெனியில் செய்தபோது அந்தக் கதவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு குழாய்தான் இருந்தது. கிட் மாட்டிய பிறகு அந்த இடைவெளி ஊர் சுற்றி வருகிறது. கதவு, ஓஸ், டர்போ, ஓஸ், குழாய், ஓஸ், இன்டர்கூலர், மறுபடி ஓஸ், குழாய், ஓஸ், கடைசியில் த்ராட்டில். ஒவ்வொரு ஓஸுக்கும் இரண்டு கிளாம்ப். எந்த மூட்டு தளர்ந்தாலும் ஐடிலிங்கில் இன்ஜின் கதவை விட்டுவிட்டு அந்த ஓட்டை வழியாக மூச்சு வாங்கும். கதவு மூடிக்கொள்ளும், பெட்ரோல் குறையும், வண்டி நிற்கும். இந்த மாடலில் இன்னொரு சங்கதி: பெட்ரோல் பம்ப்பின் சுவிட்ச்சும் அந்தக் கதவுக்குள்ளேயே இருக்கிறது. கதவு முழுக்க மூடினால் பம்ப்பும் நிற்கும்.

த்ராட்டிலைத் தாண்டிய ஓட்டை வேறு ரகம். பூஸ்ட் கேஜுக்கும் பெட்ரோல் ரெகுலேட்டருக்கும் ஆளுக்கொரு டி-மூட்டு போட்டு இழுத்த சின்ன ஓஸ்கள், பிரேக் பூஸ்டர் குழாய், மேனிஃபோல்ட் கேஸ்கட். இங்கே கசிந்தால் ஆர்.பி.எம். ஏறும், இறங்காது. கதவைக் கழற்றி எறிந்துவிட்டு, மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்யும் தனி இ.சி.யூ. வைத்தவர்களுக்கு இது கொஞ்சம் மன்னிக்கப்படும். அழுத்தம் ஏறியது என்றால் அதற்கேற்ற பெட்ரோல் தானாகவே வரும். கலவை கெடாது, வேகம் மட்டும் கூடும். ஆனால் அழுத்தத்தைப் படிக்கும் அந்த ஒரு ஓஸ் பிளந்தால் மொத்தமும் போச்சு.

*

காலை எடுத்ததும் நிற்கிற வண்டியில் நான் முதலில் தேடுவது புளோ-ஆஃப் வால்வை.

த்ராட்டில் சட்டென்று மூடும்போது டர்போ தள்ளிக்கொண்டிருக்கும் காற்றுக்குப் போக இடமில்லை. அதை வெளியேற்றத்தான் அந்த வால்வு. வெளியே விட்டால் இளைஞர்களுக்குப் பிடித்த 'புஸ்ஸ்' சத்தம் கிடைக்கும். ஆனால் வெளியே போன காற்று வாசலில் ஏற்கெனவே எண்ணப்பட்ட காற்று. அதற்கான பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது. பெட்ரோல் மிகுந்து, புகைபோக்கியில் ஒரு கரும்புகை வந்து, இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கிறது. காற்றை அளக்கும் வண்டியில் அந்தச் சத்தத்துக்கு விலை இதுதான். வால்வின் வாயைக் கதவுக்குப் பின்னும் டர்போவுக்கு முன்னும் உள்ள குழாயில் திருப்பி விட வேண்டும்.

தம்பியின் வண்டியில் அப்படித்தான் திருப்பி விட்டிருந்தது, இருந்தும் நின்றது. குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தோம். திரும்பி வரும் குழாயின் வாய் டர்போவைப் பார்க்காமல் அளக்கும் கதவைப் பார்த்து வெல்டு செய்யப்பட்டிருந்தது. காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் வால்வு விட்ட காற்று கதவின் முகத்தில் அறைந்து அதைச் சாத்தியிருக்கிறது. கதவின் விளிம்பில் எண்ணெய் ஈரத்தோடு தூசி ஒரு பிறைக்கோடாகப் படிந்திருந்தது. விரலால் தடவினால் பிசுபிசுத்தது. கிட் செய்தவர்கள் அந்தக் குழாயைச் சாய்த்து வெல்டு செய்ய எவ்வளவு செலவாகியிருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது.

*

ஏறி ஏறி இறங்கும் வியாதிக்கு ஹண்டிங் என்று பெயர். அதன் தாளத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். சரிசெய்ய வந்தவன் சொல்லக் கூடாதுதான்.

கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை என்பதை இந்த இன்ஜினுக்குச் சொல்வது த்ராட்டில் அச்சில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். அது மூடியிருந்து, ஆர்.பி.எம். அதிகமாகவும் இருந்தால் வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று இ.சி.யூ. முடிவு கட்டி, பெட்ரோலை அடியோடு நிறுத்துகிறது. ஆர்.பி.எம். விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. எங்கோ காற்று கசிவதால் ஐடிலிங் தானாக மேலே போனால் என்ன ஆகும்? மேலே போனதும் பெட்ரோல் நிற்கும், முள் விழும், பெட்ரோல் வரும், முள் ஏறும். வண்டி நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் இதைச் செய்யும். இ.சி.யூ. பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. இ.சி.யூ. சொன்ன வேலையைத்தான் செய்கிறது.

இந்த இடத்தில்தான் கை ஸ்க்ரூடிரைவரைத் தேடும். த்ராட்டிலில் இரண்டு திருகுகள். மேலே ரப்பர் மூடிக்கு அடியில் இருப்பது காற்றுத் திருகு. திருப்பலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். டயக்னோசிஸ் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. என்று எழுதிய இரு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் இ.சி.யூ. தன் திருத்தங்களை விட்டுவிடும். அந்த நிலையில் 850-க்கு வைக்க வேண்டும். இக்னிஷன் டைமிங் 10 டிகிரி இருக்கிறதா என்று டைமிங் லைட்டில் பார்ப்பதும் அப்போதுதான். இன்னொன்று, பட்டர்ஃபிளை வந்து முட்டும் ஸ்டாப் திருகு. அதைக் கம்பெனியிலேயே அளந்து வைத்து முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். அதைத் திருப்பினால் வண்டி நிற்காமல் ஓடும், உண்மைதான். கூடவே சுவிட்ச்சின் கணக்கும் கெடும். திருகுக்கும் நெம்புகோலுக்கும் நடுவே 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு வைத்தால் சுவிட்ச் மூடியே இருக்க வேண்டும், 0.7 வைத்தால் திறந்துவிட வேண்டும். இடையில் இருப்பது 0.3 மில்லிமீட்டர். வண்டியின் நடத்தை முழுக்க அதற்குள் அடங்கியிருக்கிறது.

*

காற்றையே துரத்திக்கொண்டிருந்தால் தண்ணீர் மறந்துபோகும்.

இந்த த்ராட்டிலின் அடியில் மெழுகு அடைத்த ஒரு வால்வு இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் காற்று விடும். ரேடியேட்டர் தண்ணீர் சூடாகி அதைத் தொட்டதும் மெழுகு விரிந்து வழியை அடைக்கும். டர்போவைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய்களை வெட்டி இணைக்கிறோம். உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் அந்த வால்வு வரை வருவதில்லை. இன்ஜின் கொதிக்கிறது, மெழுகு மட்டும் இன்னும் விடியற்காலைக் குளிரிலேயே இருக்கிறது. ஐடிலிங் 1,500-க்கு மேல்.

கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு த்ராட்டிலுக்குப் போகும் அந்த மெல்லிய தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தால் போதும். தம்பியின் வண்டியில் ஒரு குழாய் சுட்டது, மறு குழாய் கதகதப்பாகக்கூட இல்லை. இன்ஜின் ஆறியதும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுக்கத் திருகி வைத்துக் காத்திருந்தோம். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. பேச எதுவும் இல்லாத, நல்ல மாலை. முள் தானாக இறங்கியது.

*

பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐடிலிங்கில் இன்ஜெக்டர் திறந்திருப்பது இரண்டு, இரண்டரை மில்லி நொடி. அதில் ஏறக்குறைய ஒரு மில்லி நொடி ஊசி எழும்புவதற்கே போய்விடும், பெட்ரோல் வராது. இன்ஜெக்டரை இரண்டு மடங்காக்கினால் பெட்ரோல் விழும் நேரம் பாதியாகும், எழும்பும் நேரம் அப்படியே இருக்கும். அந்த நேரமோ பேட்டரி வோல்டேஜைப் பொறுத்தது. அதனால்தான் ஹெட்லைட் போட்டதும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றியதும் இன்ஜின் தடுமாறுகிறது. டியூனர்கள் பூஸ்ட் கட்டங்களை ராத்திரி பகலாகச் செதுக்குகிறார்கள். ஊசி எழும்பும் நேரத்துக்கான இந்த ஒரு அட்டவணையைக் கண்டுகொள்வதில்லை.

*

அமெரிக்காவில் டர்போவோடு முதலில் விற்பனைக்கு வந்த கார்களில் ஒன்று 1962-ன் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். இன்ஜின் தட்டாமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை உடன் செலுத்தினார்கள். 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர். திரவம் தீர்ந்தால் இரண்டாவதாக ஒரு பட்டர்ஃபிளை மூடிக்கொண்டு பூஸ்டைத் தடுக்கும். பலர் திரவம் ஊற்ற மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். பல வண்டிகளில் பின்னர் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டினார்கள். இயந்திரம் தன்னைக் காத்துக்கொண்டதைப் பழுது என்று எழுதிக்கொள்வது நமக்குப் பழைய வழக்கம்.

*

கசிவைத் தேடக் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். டர்போ மேனிஃபோல்ட் பழுக்கச் சூடாக இருக்கும் இடத்தில் எரியும் திரவத்தை அடிக்காதீர்கள். டர்போவின் வாயை மூடியால் அடைத்து, புகையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏர் கம்ப்ரஸரும் சோப்புத் தண்ணீரும் இருந்தாலும் போதும், 10 பி.எஸ்.ஐ. தாண்ட வேண்டாம். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கட் ஊதினாலும் பெட்ரோல் குறைவு என்று மீட்டர் பொய் சொல்லும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராங்க்கேஸ் காற்று போகும் பி.சி.வி. வால்வு பூஸ்டில் பின்வாங்காமல் அடைக்கிறதா, ஆக்ஸிலேட்டர் கேபிளில் துளி தளர்ச்சி இருக்கிறதா, பட்டர்ஃபிளை விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா, இவற்றுக்கு ஒரு காபி நேரம் போதும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. தெரியாவிட்டால் அடுத்த முறையும் இதே பாடுதான்.

தம்பி அந்த வால்வின் திரும்பு குழாயை அறுத்து டர்போவின் பக்கம் சாய்த்து மறுபடி வெல்டு வைத்தான். இப்போது சிக்னலில் 850. ஹெட்லைட்டும் ஃபேனும் ஒன்றாகச் சேர்ந்தால் 50 இறங்கித் திரும்பி வருகிறது. பேட்டரி எர்த் ஒயர் பழசு. குளிர்காலத்துக்கு முன் மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஸ்டாப் திருகை நாங்கள் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.