தெரிந்தும் மறப்பது

உள்ளாட்சி அலுவலகங்களில் ஊழியர்களுக்கு வரும் சுற்றறிக்கைகளில் பெரும்பாலானவை புதிதாக எதையும் சொல்வதில்லை. 21 நாளுக்குள் தெரிவிக்கப்பட்ட பிறப்பையும் இறப்பையும் தாமதக் கட்டணம் வாங்காமல் பதிய வேண்டும். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது. பணியில் சேர்ந்த சில மாதங்களிலேயே இவை எவருக்கும் தெரிந்துவிடும். தெரிந்ததையே ஆண்டுக்கு ஆண்டு ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது? கடமையை அறிந்த ஒருவர் அதை மறப்பது எப்படி? நினைவூட்டிய பிறகு அவர் செய்வதைக் கடமை என்பதா, வெறும் கீழ்ப்படிதல் என்பதா? நிர்வாகத்தின் அன்றாடத்திலிருந்து எழுந்தாலும், அறவியலின் மிகப் பழைய கேள்விகள் இவை. நினைவூட்டலில் இழிவு எதுவும் இல்லை, பொதுப்பணிக்கு அது இன்றியமையாதது என்பதே என் கருத்து. ஆனால் நினைவூட்டுகிறவரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டு நிற்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு அறத்தின் வலு உண்டு. இல்லையென்றால் அது பழியை ஒரு படி கீழே இறக்கி வைக்கும் காகிதம் மட்டுமே.

நல்லது எதுவென்று உண்மையாக அறிந்தவர் தவறு செய்ய மாட்டார் என்றார் சாக்ரடீஸ். பிளேட்டோவின் புரோட்டகோரஸ் உரையாடலில் அந்த வாதம் வருகிறது. அரிஸ்டாட்டிலுக்கு அது போதவில்லை. அறிவைப் பெற்றிருப்பது வேறு, அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பது வேறு என்று நிகோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் அவர் பிரித்துக் காட்டினார். உறங்குபவரிடமும் குடித்திருப்பவரிடமும் அறிவு இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அது வேலை செய்வதில்லை. வள்ளுவர் இதே சிக்கலுக்குப் பொச்சாவாமை, அதாவது மறவாமை, என ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் ஆள்வோருக்குரிய அதிகாரங்களுக்கு நடுவே வைத்தார். மறதியை நினைவாற்றலின் குறையாகவும் அவர் பார்க்கவில்லை; மகிழ்ச்சியின் மிகுதியில் பிறக்கும் சோர்வு, அளவுமீறிய சினத்தைவிடக் கேடானது என்கிறார். இன்றைய நகராட்சி ஊழியருக்கு அப்படி என்ன மகிழ்ச்சி என்று கேட்கலாம். களிப்பு இல்லாமல் இருக்கலாம், ஒரு நிம்மதி இருக்கிறது: நேற்று இப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை. அலுவலகங்களில் விதியை மறக்கச் செய்வது பெரும்பாலும் இந்த நிம்மதிதான்.

சாக்கடை மரணங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்து முதல் மத்தியச் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இன்றிச் சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது; முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடம் உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது; 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றறிக்கைகள் கீழே இறங்கின. மரணங்கள் நிற்கவில்லை. இங்கே தகவல் குறைவு என்று எவராலும் சொல்ல முடியாது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் ஒரு தன்மையைப் பாருங்கள்: குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும், அளவு கூடினால் முகரும் புலனையே மரக்கச் செய்துவிடும். இறங்குகிறவருக்கு நாற்றம் நின்றுபோகும், ஆபத்து பலமடங்காகியிருக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்தக் கணத்தில் உடம்பு அவரை எச்சரிக்காது. அதனால்தான் முடிவை அவர் துணிச்சலுக்கு விடாமல் மேலே நிற்பவரின் கடமையாகச் சட்டம் ஆக்கியது. மேலே நிற்பவரோ மறக்கிறார். இறங்குகிறவர் எந்தச் சாதியில் பிறந்தவர் என்பதற்கும் இந்த மறதிக்கும் உள்ள உறவை மூடி மறைப்பதில் பயனில்லை. தன் வீட்டுப் பிள்ளை இறங்கவேண்டியிருந்தால் எந்த அலுவலருக்கும் அந்த விதி மறந்திருக்காது.

நினைவூட்டினால்தான் செய்வேன் என்பவரின் செயலுக்கு என்ன மதிப்பு என்ற ஆட்சேபம் இங்கே வரும். 1785இல் வெளியான தம் அறவியல் நூலில் இம்மானுவேல் காண்ட், வணிக லாபத்துக்காக நேர்மையாக விலை சொல்லும் கடைக்காரரின் செயல் கடமைக்குப் பொருந்தியிருக்கிறதே தவிர கடமையுணர்விலிருந்து எழவில்லை என்றார். சுற்றறிக்கைக்குப் பயந்து செய்பவரும் அந்த வகைதானே? பயந்து செய்பவருக்கு இது பொருந்தும், நினைவூட்டப்பட்ட எல்லாருக்கும் பொருந்தாது. பௌத்த சங்கம் இதற்குச் சான்று. தேரவாதப் பிக்குகளுக்கு 227 விதிகள். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் அவர்கள் கூடி, உபோசதம் எனப்படும் அந்நாளில், இவ்விதிகளின் தொகுப்பான பாதிமோக்கம் முழுவதையும் ஓதக் கேட்கிறார்கள். பல பிக்குகளுக்கு அது மனப்பாடம். ஒருவரும் அதைத் தம் துறவுக்கு இழுக்காகக் கருதியதில்லை. கடமையுணர்வு ஒருமுறை வந்து நிலைத்துவிடும் பொருளல்ல, அதைத் திரும்பத் திரும்ப எழுப்ப வேண்டும் என்ற மனிதரைப் பற்றிய அறிவு அந்த வழக்கத்தில் இருக்கிறது. காண்ட் பேசியது செயலின் நோக்கத்தைப் பற்றி. நினைவூட்டல் நோக்கத்தைக் கெடுப்பதில்லை, தூங்கும் நோக்கத்தை எழுப்பவும் அதனால் முடியும்.

அந்தச் சடங்கில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று. ஓதுகிறவரும் அந்த விதிகளுக்குள் இருப்பவர். தெரிந்து குற்றம் செய்தவர் ஓதத் தொடங்கும் முன்பே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று முறை, தூய்மையாக இருக்கிறீர்களா என்று கேட்கப்படும். மூத்தவர் என்பதால் எவருக்கும் விலக்கு இல்லை. நம் உள்ளாட்சி மரபிலும் இதற்கு ஒரு சுவடு உண்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்விலிருந்து விலக்குகின்றன. அந்த ஊர்ச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களுடையது; ஊரின் மற்ற மக்களுக்கு அதில் இடமில்லை. அதை மக்களாட்சி என்று போற்றுவது மிகை. ஆனாலும் அந்த விதி பொறுப்பில் இருந்தவரையே நோக்கிப் பேசியது, பலரும் பார்க்கும் சுவரில் நின்றது. இன்றைய நினைவூட்டல் எதிர்த்திசையில் ஓடுகிறது. மேலிருந்து ஆணையருக்கு, ஆணையரிடமிருந்து சுகாதார அலுவலருக்கு, அவரிடமிருந்து மேற்பார்வையாளருக்கு, கடைசியில் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு கையொப்பம். விபத்து நடந்தால் எல்லாரிடமும் ‘ஏற்கெனவே அறிவுறுத்தியிருந்தோம்’ என்ற கோப்பு இருக்கும். உறிஞ்சும் வண்டி மட்டும் இருக்காது.

ஊழியரிடம் மனசாட்சியைக் கேட்டால் ஆளுக்கொரு நியாயம் பேசி நிர்வாகம் சிதறிவிடாதா என்பது இன்னொரு ஆட்சேபம். மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில், தனக்கு உடன்பாடில்லாத ஆணையையும் தன் சொந்த நம்பிக்கைபோல் நிறைவேற்றுவதே அரசு அலுவலரின் பெருமை என்றார். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. விருப்பம்போல் விதியை வளைக்கும் அலுவலரால் முதலில் நசுங்குவது ஏழை மனுதாரர்தான். ஆனால் அந்தக் கீழ்ப்படிதலுக்கு முன்னால் வேபர் ஒரு படி வைக்கிறார்: ஆணை தவறென்று கண்டால் அலுவலர் அதை மேலிடத்தில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நம் அலுவலகங்களில் அந்தப் படி தூர்ந்து கிடக்கிறது. ‘இயந்திரம் தராமல் இந்த வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள்’ என்று கீழிருந்து மேலே போகும் கடிதமும் நினைவூட்டல்தான். அதை எழுதுவது ஒழுங்கீனமல்ல, 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல்.

அடுத்த சுற்றறிக்கையை எழுதப்போகிற அலுவலரிடம் கேட்க வேண்டியது இதுதான். கீழே உள்ளவர் செய்யக்கூடாதவற்றை எழுதுவதற்கு முன், நீங்கள் தரப்போவதை எழுதுங்கள்: எந்த இயந்திரம், எந்த நிதியிலிருந்து, எந்த நாளுக்குள், யார் பொறுப்பில். அந்தத் தாளை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்தாமல் அலுவலக வாசலிலும் ஒட்டுங்கள்.