பத்து நிமிட அமைதி

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்னமும் அந்தத் தூக்கம்தான் என்னை உறுத்துகிறது.

பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் அப்போது வேலை செய்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்குப் போன இன்வாய்ஸில் தொகை தவறாகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை எடுத்துக் கொடுத்தது நான். அதைப் பார்த்து கீ-இன் செய்தது எனக்குக் கீழே ஒப்பந்த வேலையில் இருந்த பெண். யார் இதைச் செய்தது என்று கூட்டத்தில் மேலாளர் கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். அவர் திட்ட ஆரம்பித்தார். நான் குனிந்து நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். பொய் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு எல்ஆர்டியில் வரும்போது வயிற்றைப் பிசைந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் அப்போதுதான் ஊழியர் நலனுக்கென்று மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு தொடங்கியிருந்தார்கள். கைப்பேசியில் செயலியும் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சைக் கவனித்தேன். எண்ணங்கள் மேகம் மாதிரி, வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்றது ஒரு மென்மையான குரல். அவள் முகம் வந்தது. போகட்டும் என்று விட்டேன். போய்விட்டது. மறுநாள் அவளிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்றிருந்த அவசரமும் அதோடு சேர்ந்து போய்விட்டது.

ஆண்டு இறுதியில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த இன்வாய்ஸ்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

தியானத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அது வேலை செய்கிறது. வேலை செய்வதுதான் என் பிரச்சினையே.

ஜான் கபாட்-ஸின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பல வாரங்கள் நீளும் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் அல்லாடிய நோயாளிகளுக்கானது அது. இன்று அலுவலகங்களிலும் செயலிகளிலும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பயிற்சியின் பேரப்பிள்ளைதான். வாரங்கள் நாட்களாகி, நாட்கள் நிமிடங்களாகிவிட்டன.

அவ்வளவு குறுகிய பயிற்சிக்கும் பலன் உண்டா? 2011இல் ஃபாடெல் ஸைடானும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தியானப் பழக்கமே இல்லாத பதினைந்து பேருக்கு நாளுக்கு இருபது நிமிடம் என நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு காலில் 49 டிகிரி செல்சியஸ் சூட்டை வைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். தியானத்தில் இருந்தபோது அவர்கள் உணர்ந்த வலியின் அளவு 40 சதவீதமும், வலி தரும் துன்பம் 57 சதவீதமும் குறைந்திருந்தன. சூடு அதேதான். அது அவர்களை வருத்தும் விதம்தான் மாறியது.

மூளையின் வடிவமே மாறிவிடுகிறது என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எட்டு வாரப் பயிற்சியில் மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருளின் அடர்த்தி கூடியதாக 2011இல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. உலகமே அதைக் கொண்டாடியது. 2022இல் இருநூறு பேருக்கு மேல் வைத்துக் கவனமாகச் செய்த ஆய்வில் அப்படிப்பட்ட கட்டமைப்பு மாற்றம் தென்படவில்லை. அந்தச் செய்தியை அவ்வளவாக யாரும் பகிரவில்லை.

என்னைத் தூக்கிப்போட்டது வேறோர் ஆய்வு. அதுவும் 2022இல் வந்ததுதான். ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக்கும் சகாக்களும் ஆயிரத்து நானூறுக்கும் அதிகமானவர்களை வைத்து எட்டுப் பரிசோதனைகள் செய்திருந்தார்கள். தான் பிறருக்குச் செய்த தவறை நினைத்துப் பார்த்தவர்கள் சிறிது நேரம் மூச்சுத் தியானம் செய்தால் குற்றவுணர்வு குறைந்தது. கூடவே, பாதிக்கப்பட்டவருக்கு ஈடுசெய்யும் விருப்பமும் குறைந்தது. படித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். என் படுக்கையறைக்குள் வந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

குற்றவுணர்வு எதற்கு இருக்கிறது? அதுவும் ஒரு வலிதான். சுடுகிற சட்டியைத் தொட்டால் கையை இழுக்கச் செய்வது வலி. அடுத்தவரை நோகடித்தால் அவரிடம் திரும்பிப் போகச் செய்வது குற்றவுணர்வு. நான் அந்த வலியை ஆற்றிக்கொண்டேன், கையைச் சட்டியிலிருந்து எடுக்காமலேயே. இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் நிம்மதி கிடைத்தது எனக்கு. அதற்கான விலையைக் கொடுத்தது அவள்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கம்மா ஆஸ்பத்திரியில தவறும்போது நான் பக்கத்துல இல்ல. எட்டு வருசமா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். தியானம்தான் என்னைக் காப்பாத்துச்சு. அதையும் தப்புங்கிறியா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வது உண்மை. அவர் தவறு எதுவும் செய்யவில்லை. அவர் திரும்பிப் போய்ச் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை. அப்படிப்பட்ட வலியை வைத்துக்கொண்டு ஒருவர் மாய்வதில் எந்த அறமும் இல்லை. வெளியே இருந்து பார்த்தால் அவருடைய வலியும் என்னுடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே மாதிரி வயிற்றைப் பிசையும். மூச்சைக் கவனித்தால் இரண்டும் அடங்கும். மூச்சுக்கு வித்தியாசம் தெரியாது. யாருக்காவது நான் பதில் சொல்லவேண்டியிருக்கிறதா என்ற கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும்.

தியானம் மனிதனைச் சுயநலக்காரன் ஆக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல் பாஸ்டனில் ஓர் ஆய்வு நடந்தது. காத்திருப்பு அறையில் எல்லா நாற்காலிகளிலும் ஆள். ஊன்றுகோலோடு, வலியில் முனகிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வருகிறாள். எட்டு வாரம் தியானம் பயின்றவர்களில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பயிலாதவர்களில் 16 சதவீதம்தான். ஹாஃபென்பிராக்கின் பரிசோதனைகளிலேயே, மூச்சுக்குப் பதிலாக மற்றவர்களை அன்போடு நினைக்கும் மைத்ரி தியானம் செய்தவர்களிடம் ஈடுசெய்யும் விருப்பம் கூடுதலாக இருந்தது. அதாவது, கண்ணை மூடும்போது யாரை உள்ளே விடுகிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பது முக்கியம்.

மைண்ட்ஃபுல்னஸ் என்ற ஆங்கிலச் சொல், பாலி மொழியின் ‘சதி’ என்ற சொல்லுக்கு வைத்த மொழிபெயர்ப்பு. சமஸ்கிருதத்தில் ஸ்மிருதி. வேர்ப்பொருள் நினைவு. நினைவில் வைத்திருப்பதற்கான ஒரு பயிற்சியை நான் மறப்பதற்குப் பயன்படுத்தியிருக்கிறேன்.

போன மாதம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். அந்த விலைப்பட்டியல் நான் கொடுத்தது, அன்று நான் பேசியிருக்க வேண்டும், மன்னித்துவிடு என்று. இரண்டு நீல டிக் விழுந்தது. இரவு பத்து மணிக்குத்தான் பதில் வந்தது.

"தெரியும்க்கா. அப்பவே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னு ரெண்டு மூணு நாள் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவள் காத்திருந்த அந்த இரண்டு மூன்று நாட்களும் நான் காலை மாலை தவறாமல் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் தியானம் செய்கிறேன். செயலியை நீக்கிவிட்டேன். அவள் முகம் வருகிறது. போகட்டும் என்று சொல்வதில்லை. பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன். சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை.