ஓரத்தில் பூசியது

என்னிடம் கிட்டார் வாங்க வந்த தம்பி அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, அம்பது வருஷத்துப் பழைய கிட்டார் மாதிரியே இருக்கு!" என்றான். நான் சிரித்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு பொய்யா, இல்லையா? அதுதான் என் கேள்வி.

கொஞ்சம் விளக்கினால்தான் புரியும். கிட்டாரின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் விளிம்பில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். பைண்டிங் என்பார்கள். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அழகுக்கு வைத்தது போலத் தெரிந்தாலும், வெட்டுப்பட்ட மரத்தின் விளிம்பை இடிபடாமல், ஈரம் ஏறாமல் காப்பதும் அதன் வேலை. நான் செய்த கிட்டாருக்கு உடம்பு ஈட்டி மரம், பைண்டிங் வெளிர்நிற மேப்பிள். பூச்சு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பழைய ஆசாரிகள் மேசை நாற்காலிக்குப் போடுவார்களே, அதே பிரெஞ்சு பாலிஷ்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஈட்டியின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும். உடம்பில் தேய்த்த துணி ஓரத்துக்கு வந்தால் அந்த நிறம் மேப்பிளுக்குள் இறங்கிவிடும். அதனால் முதலில் சின்ன பிரஷ்ஷால் பைண்டிங்குக்கு மட்டும் நிறமில்லாத அரக்கை இரண்டு மூன்று கோட்டிங் கொடுத்து, காயவிட்டு, பிறகுதான் உடம்பைத் தொடவேண்டும். செய்தால் யாருக்கும் தெரியாத வேலை. செய்யாவிட்டால் எல்லாருக்கும் தெரியும். சொன்ன தேதிக்குள் முடிக்கிற அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. மறுநாள் பார்த்தால் கீழ் வளைவில் ஒரு சாண் நீளத்துக்கு வெற்றிலைக் கறை மாதிரி.

பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுத்திருக்கலாம். இரண்டு நாள் வேலை. நான் வெளுக்காத ஆரஞ்சு அரக்கை எடுத்து ஓரம் முழுக்கப் பூசினேன். தேன் நிறத்துக்குள் கறை அமுங்கிப் போனது.

மனசு சும்மா இருக்குமா? வக்கீல் மாதிரி வாதாடியது. ஜார்க்கண்ட் பக்கம் புரசு மரத்தில் பூச்சி சுரக்கிற அரக்குக்கு அந்த நிறம்தானே இயல்பு, நிறமில்லாததுதானே வெளுத்து எடுத்தது என்றது. 1995இல் ஃபெண்டர் கம்பெனி புதுக் கிட்டாரையே தேய்த்துப் பழசாக்கி 'ரெலிக்' என்று விற்க ஆரம்பித்ததே என்றது. ஒலி கெடவில்லை, விலையையும் ஏற்றவில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்றது. நன்மை தரும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே என்றுகூடக் கேட்டது.

ஆனால் நன்மை யாருக்கு? எனக்குத்தான், இரண்டு நாள் மிச்சம். ரெலிக் வாங்குகிறவருக்கு அது செய்த பழசு என்று தெரியும். அந்தத் தம்பிக்குத் தெரியாது. ஆக, பொய் அரக்கில் இல்லை. அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. கறை என்னுடையது. அதைப் பார்த்தபிறகு வாங்குவதா வேண்டாமா என்கிற முடிவு அவனுடையது. கேட்காமலே அதை நான் எடுத்துக்கொண்டேன். போதாததற்கு, தப்பை மறைத்ததற்கு அவனிடமே பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

அரக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மேலே புதிதாகப் பூசினால், அதிலிருக்கும் ஸ்பிரிட் பழைய பூச்சை இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பாலியூரித்தேனில் அது நடக்காது, ஒட்டுப்போட்டது தெரியும். இன்னும் திருத்தலாம் என்ற தைரியத்தில் ஒரு வாரம் கழித்து போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கொண்டுவந்தால் சுரண்டிச் சரிசெய்து தருகிறேன், வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பரவால்லணா, அப்படியே இருக்கட்டும். ஆனா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

மரத்தில் பூசியதைத் திருத்தலாம். அந்த ஒரு வாரத்தைத் திருத்த என்னிடம் எதுவும் இல்லை. இப்போது அடுத்த கிட்டார் மேசைமேல் இருக்கிறது. பைண்டிங்குக்கு மூன்றாவது கோட்டிங் கொடுத்துக் காயவைத்திருக்கிறேன். பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.